இல்லை என்பதையும் எழுத வேண்டும்

அரியூர் நாடு,
கொல்லிமலை.
14 செப்டம்பர் 2024

ஜெசிந்தா கண்ணுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. நல்லபடியாகத்தான் இருக்கிறாய் என்று சந்தோஷ்குமார் சொன்னான். போன வாரம் அவனுடைய குச்சிக்கிழங்குக் காட்டுக்கு வந்தாயாம். வலையோடு நடந்தாயாம். அவன் பெண்டாட்டி கொடுத்த காப்பியைக் குடித்தாயாம். அங்கே நின்றால் என் வீட்டுக் கூரை தெரியும். உன் ஜீப் இந்தப் பக்கம் திரும்பாமலே கீழே இறங்கிவிட்டதாம்.

போன் செய்தேன். மேட்டுப் பாறையில் ஏறி நின்றால்தான் எனக்கு டவர் கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். மூச்சு வாங்க ஏறிப் போய் அடித்தால் கட் பண்ணுகிறாய். திரும்ப அடித்தாலும் கட். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் அதற்காவது ஒரு தடவை கையில் எடுக்க வேண்டுமே.

"காட்டுத் தேனீ எவ்வளவு இருக்குன்னு மாசா மாசம் பார்க்கணும் அக்கா, உங்க நிலத்துல நடந்துக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு நீ வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு ஊரே சிரித்தது. தேன் எடுக்க வருகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், தேனீயை எண்ணுவதற்கென்று ஒரு பெண் கோயம்புத்தூரிலிருந்து வந்து அதுவரை பார்த்ததில்லை. என் சாமைக் காட்டு வரப்பில் இந்தக் கோடியில் ஒரு கல், அந்தக் கோடியில் ஒரு கல், இரண்டுக்கும் சிவப்புப் பெயின்ட். நடுவில் நீ மூக்குத்தியைத் தொலைத்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நடப்பாய். பூச்சி மேடம் என்று உனக்குப் பேர் வைத்ததே நான்தான். இப்போது ஊர் முழுக்க அதைத்தான் சொல்கிறது.

போன வாரம் நீ அங்கே வந்த அன்றைக்கு உனக்காகக் களி கிண்டி, கீரை கடைந்து வைத்திருந்தேன். பொழுது சாயும் வரை ரோட்டைப் பார்த்தேன். அப்புறம் உன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாய்க்குச் சோறு வைத்தேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு, கோகிலாவும் கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகு, இந்த வீட்டில் மாதத்துக்கு ஒரு நாள்தான் இரண்டு தட்டு விழும். அது உன்னால்தான். இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், பேனா பிடித்தால் வாய் நிற்க மாட்டேன் என்கிறது.

நான் என்ன தப்பு செய்தேன்? நேராகச் சொல்.

பாவாயி


கோயம்புத்தூர்.
27 செப்டம்பர் 2024

பாவாயி அக்காவுக்கு,

போனைக் கட் செய்ததற்குக் காரணம், எடுத்திருந்தால் நான் கத்தியிருப்பேன். உங்களிடம் கத்த எனக்கு மனம் வரவில்லை. எழுதினால் கொஞ்சம் நிதானமாக இருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்டில் உங்கள் ஊருக்கு வரும் வழியில் பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வாங்க இறங்கினேன். அங்கே விதை விற்கிற சுகுணா என்னைப் பார்த்ததும் சிரித்தார். "ஏனுங்க பூச்சி மேடம், வருசா வருசம் உங்களுக்கோசரம் பாவாயி அக்கா செண்டுமல்லி வெதையும் சூரியகாந்தி வெதையும் வாங்கிட்டுப் போறாங்களே, வண்டெல்லாம் நல்லா வருதுங்களா?" என்றார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

அன்று நான் வந்தபோது நீங்கள் ரேஷன் கடைக்குப் போயிருந்தீர்கள். வரப்புக்கு மேலே உண்ணிச்செடிப் புதர் இருக்கிறதே, அதை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். செண்டுமல்லி, துளசி, கடுகு, சூரியகாந்தி. ஓடை வரைக்கும் பூ. ஒரே தேனீ இரைச்சல். அழகாக இருந்தது அக்கா, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் திரும்பி வருவதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

என் வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த மலையில் பல காடுகளில், ஒரே கோட்டில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் மாதா மாதம் நடந்து, எத்தனை தேனீ வந்தது என்று வருஷக்கணக்காக எழுதி வைப்பது. அப்படிச் செய்தால்தான் தேனீ குறைகிறதா கூடுகிறதா, எதனால் என்று தெரியும். மற்ற எல்லாக் காடுகளிலும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. உங்கள் காட்டில் மட்டும் குறையவில்லை. களைக்கொல்லி அடிக்காமல் சாமை போடுகிற நிலத்தில் தேனீ பிழைத்துக்கொள்ளும் என்று நான் அறிக்கை எழுதினேன். மேடையில் நின்று சொன்னேன். கைதட்டினார்கள்.

சாமை காரணம் இல்லை. உங்கள் பூ காரணம். நீங்கள் விருந்து வைத்து அழைத்தவர்களை, தானாக வந்தவர்கள் என்று நான் எண்ணியிருக்கிறேன்.

நடக்கிற கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கணக்கு மாறும் என்பது என் விதி. பதினோரு வருஷம் அந்த விதியைக் காப்பாற்றினேன். அதனால்தான் பத்து அடி தள்ளி இருந்ததைப் பார்க்கவில்லை. எங்கள் ஆபீஸ் ஜனவரிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என்னை வைத்திருப்பார்களா என்று தெரியாது.

உங்கள் நிலத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இனி வர மாட்டேன். அந்தக் கற்களை நீங்கள் பிடுங்கிக்கொள்ளலாம்.

ஜெசிந்தா


அரியூர் நாடு.
10 அக்டோபர் 2024

மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் "கோயம்புத்தூர்லருந்து வந்திருக்குதுங்க அக்கா" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை.

என் நிலத்தில் நான் பூச்செடி வைத்தேன். கஞ்சா வைக்கவில்லை. இதற்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கோட்டில் ஒரு புல்லைக் கூட மாற்றாதீங்க என்று தாங்கள்தான் சொன்னீர்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு செடி வைத்தேனா? கல்லிலிருந்து கல் வரைக்கும் மாட்டைக் கூட விட்டதில்லையே. சொன்ன பேச்சைக் கேட்டதற்கும் திட்டா?

ஏன் வைத்தேன் என்று தாங்கள் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நீங்கள் வந்த முதல் வருஷம், மழை விட்ட ஒரு நாள். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரைக்கும் நடந்து முடித்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். "இன்னைக்கு ஒண்ணுமே இல்லை அக்கா" என்றீர்கள். களியைப் பிய்த்துப் பிய்த்து உருட்டினீர்களே தவிர ஒரு வாய் இறங்கவில்லை. என் மகளுக்கு முகம் அப்படி விழுந்திருந்தால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதற்கு முன்னால்தான் குழந்தைசாமி காட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தீர்கள். அவன் காட்டில் வண்டு இல்லாமல் போனதால்தான் நிறுத்தினீர்கள் என்று நினைத்தேன். சரி, வண்டு இல்லாவிட்டால் இந்த மேடம் என் காட்டுக்கும் வர மாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எங்கள் மலையில் வீடு தேடி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். கிழங்கோ, அவரையோ, நாலு பலாச்சுளையோ கையில் கொடுத்துத்தான் அனுப்புவோம். உனக்கு அதெல்லாம் வேண்டாம் கண்ணு. எது கொடுத்தாலும் "ஆபீஸ்ல திட்டுவாங்க அக்கா" என்று வைத்துவிட்டுப் போவாய். உனக்கு வேண்டியது வண்டு. அதனால் உனக்கு வண்டைக் கொடுத்தேன். நீ பையை மாட்டிக்கொண்டு "இந்த மாசம் நல்லா இருந்தது அக்கா" என்று சொல்லிவிட்டுப் போகும்போது எனக்கு வயிறு நிறையும். அது கணக்கைக் கெடுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மரியாதையாகத்தான் எழுத நினைத்தேன், நடுவில் நீ என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்தப் போவதில்லை.

கற்களை நான் பிடுங்கவில்லை. வேண்டுமென்றால் நீயே வந்து பிடுங்கிக்கொள்.

பாவாயி


கோயம்புத்தூர்.
3 பிப்ரவரி 2025

பாவாயி அக்காவுக்கு,

நான்கு மாதம் பதில் எழுதவில்லை. கூட்டம் முடியட்டும் என்று இருந்தேன். அது பாதி உண்மை. உங்கள் கடிதத்தை எடுக்கும்போதெல்லாம் களியை உருட்டினேன் என்கிற இடத்தில் நின்றுவிடுவேன், அதற்கு மேல் எழுத வராது.

கூட்டம் போன வாரம் நடந்தது. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் மேலதிகாரி ஓம்பிரகாஷ் சார் அறிக்கையைத் திரும்ப வாங்கச் சொன்னார், வாங்கிவிட்டேன். வேலை போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குழந்தைசாமி காட்டுக்கு நான் போகாமல் நின்றது வண்டு இல்லாததால் இல்லை. அவர் நிலத்தை லாட்ஜ் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார், சுவர் எழுப்பிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கேட் திறந்திருந்தால் இன்றைக்கும் போய்க்கொண்டிருப்பேன்.

ஒன்றும் வராத நாளும் எனக்குக் கணக்குதான் அக்கா. அன்றைக்கு 'இல்லை' என்று எழுத வேண்டும். எழுதாமல் இடத்தைக் காலியாக விட்டால், அன்று யாரும் அங்கே போகவில்லை என்று அர்த்தம். 'இல்லை' என்று எழுதினால், ஒரு ஆள் போனாள், நின்று பார்த்தாள், வரவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒன்று இல்லை. இதைப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள் உங்களிடம் சொல்லியிருக்கலாம். உங்கள் காட்டில் ஒரு வண்டு கூட இல்லாமல் போயிருந்தாலும் நான் மாதா மாதம் வந்திருப்பேன்.

இப்போது முக்கியமான விஷயம். புதருக்கு அந்தப் பக்கம் நீங்கள் வைத்திருப்பதைத் தனியாக ஒரு ஆராய்ச்சியாக எடுக்கலாம் என்று ஓம்பிரகாஷ் சாரிடம் கேட்டேன். ஒரு விவசாயி தானாகவே பூ வைத்தால் எந்தத் தேனீ வருகிறது, எது தங்குகிறது, எது கூடு கட்டுகிறது என்று பார்க்கலாம். யோசித்துவிட்டுச் சரி என்றார். மார்ச்சிலிருந்து மறுபடி மாதா மாதம் வருவேன். அதுவரை ஒரு செடியைக் கூடப் பிடுங்காதீர்கள், புதிதாக ஒன்றும் வைக்காதீர்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

அம்மா இறந்த பிறகு, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிற குரல் உங்கள் மலையில்தான் இருந்தது. இந்த நான்கு மாதமும் என் அறையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டேன். உட்காரத் தோன்றவில்லை.

ஜெசிந்தா


அரியூர் நாடு.
4 பிப்ரவரி 2025

ஜெசிந்தா கண்ணுக்கு,

தீபாவளி போனது, பொங்கல் போனது, உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. சரி, வாயால் சமாதானம் சொன்னால் போதாது, கையால் செய்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

நேற்றோடு எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அருள்மொழியைத் துணைக்குக் கூப்பிட்டு மண்வெட்டி போட்டோம். செண்டுமல்லி, துளசி, கடுகு ஒன்று விடவில்லை. பூ உதிர்ந்து வெறும் தண்டாகக் காய்ந்து நின்ற சூரியகாந்தித் தட்டையையும் பிடுங்கினோம். ஓடைக் கரை வரைக்கும் கொத்திச் சமமாக்கிவிட்டோம். நீ முதல் முதலில் வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறது. உண்ணிப் புதரையும் வெட்டிவிட்டேன், அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்று கோட்டில் நின்றபடியே உனக்குத் தெரியட்டும். இனி வரலாம். கணக்கைப் புதிதாக ஆரம்பிக்கலாம்.

"நல்லாருந்த பூக்காட்டை எதுக்குங்க அக்கா அழிக்கறீங்க?" என்று அருள்மொழி கேட்டாள். "எங்க மேடத்துக்கோசரம்" என்றேன். "நட்டதும் மேடத்துக்கோசரம்னுதான் சொன்னீங்க" என்றாள். அவளுக்குக் கிண்டல்.

ஆனால் சாயங்காலம் ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ இருக்கிறதே, பொழுது சாய்ந்தால் காய்ந்த தட்டையை வாயால் கடித்துக்கொண்டு வரிசையாகத் தொங்கித் தூங்குமே. அதெல்லாம் ஆண், பொம்பளை வண்டுக்குத்தான் மண்ணுக்குள் வீடு, இதுகளுக்கு வீடே கிடையாது என்று நீ ஒரு தடவை சொன்னாய். என் வீட்டுக்காரர் சந்தைக்குப் போய்விட்டு வராத நாளில் எங்கே படுத்திருந்தாரோ என்று சொல்லி நான் சிரித்தேன். அதுகள் சூரியகாந்தித் தட்டையில் தொங்குவது எனக்குத் தெரியும், தினமும் பார்ப்பேன். உனக்குச் சொல்ல முடியாமல் போனது, சொன்னால் புதருக்குப் பின்னால் வந்துவிடுவாயே.

நேற்றுச் சாயங்காலமும் வந்தன. தட்டை நின்ற இடத்திலேயே சுற்றின. கீழே இறங்கின, மேலே ஏறின, மறுபடி அதே இடம். இருட்டுகிற வரைக்கும் சுற்றிவிட்டு, என் துணிக் கொடிக் கயிற்றில் வந்து கடித்துத் தொங்கின. நான் காயப் போட்ட புடவையை எடுக்காமல் விட்டுவிட்டேன். கரையைக் கொத்தினோமே, அங்கே மண்ணுக்குள் வீடு இருந்ததா என்று இப்போதுதான் யோசிக்கிறேன். யோசித்து என்ன பண்ண?

ஒரு தட்டையை எடுத்து அந்த இடத்தில் ஊன்றப் போனேன். பாதியில் நின்றுவிட்டேன். ஒரே ஒரு காய்ந்த தட்டை ஊன்றினால் அதுவும் உன் கணக்கைக் கெடுக்குமா? கேட்டு எழுது. இனி உன்னைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டேன்.

பாவாயி


கோயம்புத்தூர்.
16 பிப்ரவரி 2025

அக்கா,

நம் இரண்டு பேர் கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையதை நீங்கள் இந்நேரம் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்க முடிகிறது. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

தட்டையை ஊன்றுங்கள். ஒன்று இல்லை, எத்தனை கிடைக்கிறதோ அத்தனையும் ஊன்றுங்கள். எந்தக் கணக்கும் கெடாது. கெடுவதற்கு இனி அங்கே கணக்கு இல்லை.

ஓம்பிரகாஷ் சாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பழைய கோட்டில் பதினோரு வருஷம் பூ கலந்துவிட்டது, இப்போது பூவையும் எடுத்தாகிவிட்டது, இந்த நிலத்திலிருந்து இனி எதையும் தெரிந்துகொள்ள முடியாது, விட்டுவிடு என்றார். அவர் சொல்வது சரி. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் மூன்று வாரம் முந்தி எழுதியிருந்தால் அந்தப் பூ இன்றைக்கு நின்றிருக்கும்.

வேலை இல்லாவிட்டால் என்ன, சும்மா வரக் கூடாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் வேலை இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போய் எப்படி உட்காருவது என்று எனக்குத் தெரியாது அக்கா. கையில் வலை இருந்தால் எந்த ஊருக்கும் போவேன். வலை இல்லாமல் போனால் வாசலில் நின்று என்ன சொல்வேன்? என்னைச் சின்ன வயதிலிருந்து யாரும் சும்மா கூப்பிட்டதில்லை, நானும் சும்மா போனதில்லை. நாற்பத்து நான்கு வயதில் அதைப் புதிதாகப் பழக வெட்கமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெசிந்தா


அரியூர் நாடு.
5 மார்ச் 2025

ஜெசிந்தாவுக்கு,

தட்டைகளை ஊன்றினேன். அந்த நீலப் பட்டை வண்டுகள் கொடிக் கயிற்றை விட்டு இன்னும் வர மாட்டேன் என்கின்றன. வரட்டும், அவசரம் இல்லை. நான் இப்போது துணியை வேலியில் காயப் போடுகிறேன்.

நீ வழக்கமாக வருகிற நாளில், நீ நடக்கிற நேரத்துக்குப் போனேன். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடந்தேன். மெதுவாக நடப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. சந்தோஷ்குமார் மேட்டிலிருந்து பார்த்துவிட்டு, "என்னங்க அக்கா, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சுங்களா?" என்று கத்தினான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வண்டு: இல்லை.
ஜெசிந்தா: இல்லை.

பாவாயி


அரியூர் நாடு.
6 ஏப்ரல் 2025

வண்டு: இல்லை. மேல் காட்டில் காப்பி பூத்திருக்கிறது, எல்லாம் அங்கே போயிருக்கும்.
ஜெசிந்தா: இல்லை.

இல்லை என்பதையும் எழுத வேண்டும் என்று நீதான் சொன்னாய், எழுதிவிட்டேன். இடத்தைக் காலியாக விட்டால் நான் போய் நிற்கவில்லை என்று நினைத்துக்கொள்வாய். போனேன். நின்று பார்த்தேன்.

பாவாயி


கோயம்புத்தூர்.
11 ஏப்ரல் 2025

அக்கா,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் எல்லார் முன்னாலும் பிரித்துவிட்டேன். நாலு வரிதானே என்று நினைத்தேன். படித்துவிட்டு எழுந்து மாடிக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு வரக் கொஞ்ச நேரம் ஆனது. பக்கத்து மேஜை ஜெனிபர் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை, ஒருவர் எனக்காக நின்று பார்த்திருக்கிறார் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

பதினோரு வருஷம் நான் உங்கள் காட்டில் நின்று பார்த்தேன். எனக்காக ஒருவர் அப்படி நிற்பார் என்று ஒரு நாள் கூட நினைத்ததில்லை.

இருபதாம் தேதி ஈஸ்டர். காலையில் பூசை முடிந்ததும் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போவார்கள், நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இந்த வருஷம் மறுநாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை, ராசிபுரத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக வருகிற பஸ்ஸில் வருகிறேன். ஜீப் வராது, ஆபீஸ் பை வராது. நீங்கள் கையில் எது கொடுத்தாலும் இந்தத் தடவை வாங்கிக்கொள்வேன்.

வந்து உட்கார்ந்து என்ன பேசுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உரிப்பதற்கு அவரையாவது முறத்தில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. கையில் வலை இல்லாமல் நீங்கள் என்னைப் பார்த்ததே இல்லை. யாரோ என்று நினைத்து நாயை அவிழ்த்து விட்டுவிடாதீர்கள்.

ஜெசிந்தா